வயலினை உருவிட்டாக

சின்னமனூரில் மைக்செட் வாடகைக்கு விடும் ஓர் அண்ணனுக்குக் காது மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அது தெரியாமல் நாங்கள் வருடக்கணக்கில் சினிமாக் கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். நடந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுதான் என்று சொல்லி விட்டுவிட முடியவில்லை.

நான் வாழைக்காய் மண்டியில் வேலை பார்ப்பவன். தார் இறக்குவதையும் லாரி ஏற்றுவதையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்க இன்றைக்கும் எனக்குக் கூச்சம். மண்டியில் ஏலம் கூறுகிறவர் ஒரு நாள் வராவிட்டால் என்னைக் கூறச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கணக்கு அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்படிப்பட்ட நான் விரும்பிப் போய் உட்கார்ந்த ஒரே இடம் அண்ணனுடைய மைக்செட் குடோன்தான்.

முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் சும்மா இருப்பார். கூரை வரை ஸ்பீக்கர் பாக்ஸ்களை அடுக்கி வைத்திருக்கும் குடோனில் ஒரு மூலையைக் காலி செய்து மூன்று நாற்காலி போட்டிருப்பார். போடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் சர்ச் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, காரில் வந்துவிடுவார். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர் அவர். எந்த வாத்தியத்துக்கு என்ன பெயர் என்று தெரிந்தவர் எங்கள் மூவரில் அவர் ஒருவர்தான். அண்ணன் அவரை மொதலாளி என்று கூப்பிடுவார். கூப்பிடுவதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

எங்கள் பேச்சு சினிமாப் பாட்டைப் பற்றியது அல்ல. பாட்டைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது. நாங்கள் பேசியது படத்தில் வசனத்துக்குப் பின்னால் ஓடும் இசையைப் பற்றி. யாராவது வாய் தவறிப் பாட்டை இழுத்துவிட்டால் அவர்தான் எழுந்து போய் வடை வாங்கி வர வேண்டும். பெரும்பாலும் மாட்டுகிறவர் இரும்புக்கடைக்காரர்தான். செல்போனில் காட்சியை ஓடவிட்டு, திரையை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவோம். படம் பார்க்கக் கூடாது. சத்தம் மட்டும் பெரிய பாக்ஸ் வழியாக வரும்.

அண்ணன் இசையைக் கேட்கும் விதமே வேறு. வாத்தியங்களின் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. அவற்றை ஒரு குடும்பமாக ஆக்கி வைத்திருந்தார். வயலினைவிடப் பெரிதாக, அடிக்குரலில் பேசும் செல்லோ அவருக்கு ஆத்தா. வயலின்கள் மகள்கள். புல்லாங்குழல் வீட்டுக்கு வந்த மருமகன், அதிகம் பேச மாட்டான். "ஆத்தா பேசிட்டா. இந்தா, பெரியவ வாயெத் தொறக்கப் போறா பாரு" என்று ஒரு விரலைத் தூக்குவார். விரல் ஏறி முடியும் இடத்தில் வயலின் நுழையும். ஒரு தடவைகூடப் பிந்தியதில்லை.

சண்டையும் உண்டு. பெரிய வாத்தியக் குழுவை உட்காரவைத்து இசையமைக்கும் ஒருவர் கடைக்காரருக்கு உயிர். கம்ப்யூட்டரில் வேலை செய்யும் இன்னொருவரை அவர் சேர்க்கவே மாட்டார்.

"அவரு ஒரு சீனுக்கு நாப்பது பேரெ உக்கார வச்சாரு. இவரு என்னண்ணே, ஒரு ரூமு, ஒரு கம்ப்யூட்டரு" என்பார்.

"நாப்பது பேரு வேலையெ ஒரு ஆளு செய்றான்ல மொதலாளி, அது தெறமையில்லையா?"

"அப்ப ஒங்க பாக்ஸெல்லாம் வித்துப்புட்டு கல்யாண வீட்டுல ஒரு செல்போன வச்சிரலாமே."

"வச்சிரலாம். மாப்பிள்ளைக்கு மட்டுந்தான் கேக்கும்."

நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கும் சொல்வதற்கு இருக்கும். சொல்ல வருவதற்குள் பேச்சு அடுத்த படத்துக்குப் போய்விடும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூவரும் இளவட்டமாக இருந்தபோது தியேட்டரில் பார்த்த ஒரு படத்தைச் சுத்தம் செய்து புதிதாக நெட்டில் போட்டிருக்கிறார்கள் என்று கடைக்காரர் கொண்டுவந்தார். ரயில் போன பிறகு ஒரு பெண் பிளாட்பாரத்தில் தனியாக நிற்கிற காட்சி. முதலில் செல்லோ. அண்ணன் விரலைத் தூக்கினார். வயலின் வந்தது. அண்ணனின் விரல் மட்டும் இறங்காமல் அப்படியே நின்றது. காட்சி முடிந்து அடுத்த காட்சி வசனம் தொடங்கிய பிறகுதான் கையைக் கீழே போட்டார்.

"வயலினை உருவிட்டாக" என்றார்.

எனக்கு வயலின் கேட்டிருந்தது. நன்றாகவே கேட்டது. ஆனால் அண்ணன் அந்தப் படத்தை எங்களைவிட அதிகம் கேட்டவர். கடைக்காரர் திரும்ப ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். "ஆமாண்ணே, மெலிஞ்சுதான் போச்சு" என்றார். டிஜிட்டலாக மாற்றும்போது மேல் சத்தத்தை வெட்டிவிடுவார்கள், ஃபைல் சின்னதாக வேண்டும் என்பதற்காக, என்று விளக்கம் சொன்னார். விளக்கம் வந்துவிட்ட பிறகு நான் எதைச் சொல்வது?

அன்று மாலையே அவர் தன்னுடைய ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், துபாயிலிருந்து ஒருவர், எங்கிருந்தெல்லாமோ பதில் வந்தது. எல்லோருக்கும் வயலின் குறைந்திருந்தது. பழைய டேப் மழையில் நனைந்துவிட்டதாக ஒருவர் எழுதினார். இசையமைப்பாளரே மனம் மாறிக் குறைத்துவிட்டார் என்று இன்னொருவர் எழுதினார். ஒருவர் கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் படம் போட்டு, வெட்டிய இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டுக் காட்டினார். அடுத்த வாரம் மண்டி மாடியில் உட்கார்ந்து ஹெட்போனில் தனியாகக் கேட்டேன். எனக்கும் வயலின் பாதிதான் கேட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் எடுத்த படத்திலெல்லாம் வயலின் போயிருந்தது. பிறகு புல்லாங்குழலில் மூச்சுச் சத்தம் போனது. ஒரு படத்தில் கடைசியில் ஒரே ஒரு தடவை சின்ன மணி அடிக்கும், அதுவும் போனது. ஒவ்வொன்றையும் கடைக்காரர் குழுவில் ஏற்றினார். அண்ணனுக்குக் குழுவில் பெயர் வந்துவிட்டது. சின்னமனூர் அண்ணன் காதுக்குத் தப்பாது என்று எழுதினார்கள். கடைக்காரர் அதை உரக்கப் படித்துக் காட்டும்போது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வயரைச் சுற்றுவார். சந்தோஷம் முகத்தில் தெரியும்.

போன வயலினைத் திரும்பக் கொண்டுவர அவர் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளைக் கூட்டினார். ட்ரெபிள் என்பது கீச்சென்ற மேல் சத்தங்களைத் தூக்கிக் காட்டும் திருகு. குடோனில் கூட்டியது விசேஷ வீடுகளிலும் கூடியது. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சாம்பார் இறக்கினாராம். பெண் வீட்டார் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் அதை எங்களிடம் வேடிக்கையாகச் சொன்னார். "கல்யாண வீட்டுக்காரனுக்கு வயலின் அருமை எங்கண்ணே தெரியும்" என்றார் கடைக்காரர். மூவரும் சிரித்தோம். அடுத்த முகூர்த்தங்களில் அண்ணனைக் கூப்பிடுவது குறையத் தொடங்கியது. அதையும் புது மைக்செட்காரர்களின் போட்டி என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

அண்ணனின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் டீ கொடுக்கும்போது, அண்ணன் வெளியே லைட் செட்டை உதறிக்கொண்டிருந்த நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்.

"குக்கரு விசிலடிச்சு அடங்கியே போகுது தம்பி. அவுக அடுப்புக்கிட்டதான் உக்காந்து பேப்பர் படிக்கிறாக. எந்திரிக்கவே மாட்டேங்கிறாக. நான் பேசுனா மட்டும் பதில் சொல்றாக."

பேப்பரில் மூழ்கியிருப்பார் என்று நான் சொன்னேன். மதினி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு பொட்டிப்புரத்தில் ஒரு காதணி விழா. ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டதால் எங்கள் பேச்சு இல்லை. நான் கூடமாட உதவி செய்யலாம் என்று அண்ணனோடு போனேன். வயலுக்கு நடுவில் பந்தல். தாய்மாமன் சீர் வரும்போது ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாக்ஸுக்கு எதிரில் போய் நின்றுவிட்டார். மைக் கூவியது. மைக் பாக்ஸுக்கு நேராகப் போனால் ஊசியைக் காதில் இறக்குவதுபோல ஒரு கூவல் வருமே, அது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். மடியில் இருந்த பிள்ளை, காது குத்துவதற்கு முன்பே அலறியது. எந்த மைக்செட்காரருக்கும் அந்தச் சத்தத்துக்குக் கை தானாகத் திருகுக்குப் போகும். அண்ணன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்பு ஓடிய இசைக்குப் போட்ட தாளத்தைத் தொடையில் இன்னும் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் பாய்ந்து திருகைக் குறைத்தேன்.

"எதுக்குலே கொறச்ச?" என்றார். கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குக்கர், ட்ரெபிள், உருவின வயலின் எல்லாம். உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்வதற்கு இரண்டு வார்த்தை போதும். ஆனால் குழுவில் அத்தனை பேர் புகழ்ந்த காது அது. அவருடைய தொழிலும் அதுதான், அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் அதுதான். சுற்றிலும் ஆட்கள் வேறு. என் வாயில் வந்தது இதுதான்:

"ட்வீட்டர் போயிருக்குமோண்ணே."

ட்வீட்டர் என்பது பாக்ஸில் மேல் சத்தத்துக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கர். அவருக்குச் சந்தேகம் வரட்டும், மாற்றிப் பார்த்துவிட்டு அவரே கண்டுகொள்ளட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். சுற்றிவளைத்துச் சொன்னால் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அண்ணன் முகம் தெளிந்துவிட்டது. "ஏலே, அதாண்டா. இவ்வளவு நாளா எனக்கு ஓடலையே" என்று முதுகில் தட்டினார். அந்த வாரமே மதுரைக்குப் போய், முன்பைவிட வலுவான ட்வீட்டர்களாகப் பார்த்து எல்லா பாக்ஸிலும் மாற்றினார். மாற்றியதைச் சோதிப்பதற்கு, பாக்ஸில் காதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார் என்று மதினி சொன்னார்.

புது ட்வீட்டருக்குப் பிறகும் வயலின் வரவில்லை. "அப்ப கம்பெனிதான்" என்று அண்ணன் முடிவு செய்தார்.

கடைக்காரர் அப்போது ஒரு செய்தி கொண்டுவந்தார். மதுரையில் ஒரு பெரிய அரங்கில், பழைய படங்களின் பின்னணி இசையை மட்டும் முழு வாத்தியக் குழு நேரில் வாசிக்கப் போகிறது. பாட்டு கிடையாது. எங்களுக்காகவே வைத்த கச்சேரி மாதிரி இருந்தது. அண்ணன் அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து வேறு எதையும் பேசவில்லை. "நேர்ல கேட்டா எந்தக் கம்பெனியும் நடுவுல வர முடியாதுல்ல. யாரு உருவுனாகன்னு தெரிஞ்சிரும்" என்றார். போகும் நாளில் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தார். மதினி வாசலில் நின்று என்னையே பார்த்தார். நான் காரில் ஏறிக்கொண்டேன்.

கடைக்காரர் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். நடுவில் அண்ணன், இரண்டு பக்கமும் நாங்கள். எங்களில் யாரும் அதற்கு முன் செல்லோவை நேரில் பார்த்ததில்லை. அதை ஒருவர் முழங்கால்களுக்கு நடுவில் சாய்த்து உட்கார்ந்ததும் அண்ணன் என் தொடையைத் தட்டினார். "ஆத்தாடா" என்றார். பிள்ளை மாதிரி சிரித்தார்.

வாசித்தார்கள். அந்த ரயில் நிலையக் காட்சியின் இசையும் வந்தது. செல்லோ தொடங்கியது. அண்ணன் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் மெல்ல எழுந்தது. வயலின்காரர்கள் வில்லைத் தூக்கி ஒரே நேரத்தில் நரம்பில் வைத்தார்கள். வில்கள் எல்லாம் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. எங்களுக்குப் பத்தடி தூரத்தில். அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த பாக்ஸிலும் கேட்டதில்லை. அண்ணன் அந்த வில்களையே பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"வாசிக்கிறாகளா?"

இதற்கு ட்வீட்டர் மாதிரி ஒரு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

"வாசிக்கிறாகண்ணே" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் கை தட்டியபோதெல்லாம் அவரும் தட்டினார்.

கடைக்காரருக்கு எதுவும் தெரியாது. திரும்பி வரும்போது ஆண்டிபட்டி தாண்டும் வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். "பாத்தீகளாண்ணே, நேர்ல எப்பிடிக் கொட்டுது வயலினு. கம்பெனிக்காரன் நம்மள என்ன ஏமாத்து ஏமாத்திருக்கான். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு" என்றார். அண்ணன் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். "ஆமா மொதலாளி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவரே மண்டிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். தேனியில் காது டாக்டரிடம் மூவரும் போனோம், மதினியும் நானும் அவரும். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அமுக்கினார். பிறகு பொத்தானைக் கையில் பிடித்தபடி, பரீட்சையில் விடை தெரியாத பையனைப்போல எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பெரிய சத்தத்தின் பக்கத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்ததால் வந்தது. மேல் சத்தம்தான் முதலில் போகும், பேச்சு கேட்பதால் ஆளுக்குத் தெரியாது. போனது திரும்பாது. குறைவது தெரிந்தவுடனே வந்திருந்தால், பாக்ஸை விட்டு விலகியிருந்தால், மிச்சம் இருந்ததைக் காப்பாற்றியிருக்கலாம். சமீபத்தில் சத்தம் அதிகமாகக் கேட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். மதினிதான் பதில் சொன்னார், புதுசாக என்னவோ மாட்டினாக என்று. என் பக்கம் யாரும் திரும்பவில்லை. அண்ணன் அந்தப் பேச்சை எங்கேயும் எடுத்ததில்லை, இன்றுவரை. ஒரு தடவை எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

இப்போது காதில் ஒரு கருவி போட்டிருக்கிறார். பேச்சு நன்றாகக் கேட்கிறதாம். இசை மட்டும் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். தொழிலை மச்சினன் மகனுக்குக் கொடுத்துவிட்டார். குடோனில் எங்கள் மூலை மட்டும் அப்படியே இருக்கிறது, பாக்ஸ் இல்லாமல். செல்போனிலேயே கேட்கிறோம்.

விஷயம் தெரிந்த அன்று கடைக்காரர் அழுதுவிட்டார். குழுவில் உண்மையை எழுதிவிடலாமா என்று கேட்டார். அண்ணன் வேண்டாம் என்றார். அந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. யாராவது புதிதாகச் சேருகிறவர் அந்தப் படத்தைக் கேட்டுவிட்டு, ஆமாம், வயலினைக் காணோம் என்று எழுதுவார். கடைக்காரர் அதைப் படித்துக் காட்டுவதில்லை.

பழைய படம் என்றால் கவலை இல்லை. செல்லோவோ தபேலாவோ கேட்டால் போதும், மற்றதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வயலின் இங்கே ஏறுகிறது என்று நான் சொன்னால், "இல்லடா, அங்கன எறங்கித்தான் ஏறும், நல்லாக் கேளு" என்பார். நன்றாகக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். அதனால் பழைய படங்களாகவே போட்டுக்கொண்டிருந்தோம்.

போன மாதம் கடைக்காரர் மறந்துபோய் ஒரு புதுப் படத்தைப் போட்டுவிட்டார். யாரோ சின்ன வயதுக்காரர் இசையமைத்தது, இரண்டாவதோ மூன்றாவதோ படம். ஒரு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற காட்சி. வயலின் மட்டும்தான், வேறு துணையே இல்லாமல், தயங்கித் தயங்கி வந்தது. கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. கடைக்காரருக்கு என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. நிறுத்தக் கை நீட்டினார், ஆனால் நிறுத்தவில்லை.

அண்ணன் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

"இதுல வயலின் வருதா தம்பி?"

"வரலண்ணே. சும்மா கெடக்கு" என்றேன்.

"அதான. இப்பத்த ஆளுகளுக்கு அந்த அருமையெல்லாம் எங்க" என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கடைக்காரர் அந்தப் பையனைத் திட்டத் தொடங்கினார். ஒரு காட்சியை இப்படி மொட்டையாக விடுவானா ஒருத்தன் என்றார். நானும் சேர்ந்துகொண்டேன். வீட்டைப் பூட்டும்போது ஒரு வயலினாவது வைத்திருக்கலாம், படித்தவன்தானே, இதுகூடத் தெரியாதா என்று, அண்ணனுக்குக் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.